மூக்கன் பாறைக்கு மூச்சு கிடையாது

செம்பாறைத்துறை பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவன் நான். பெயர் வியாகப்பன். ஊதுகிறவர்களுக்குப் பின்னால் நிற்பதால் எங்களை எவனும் போட்டோவில்கூடச் சேர்ப்பதில்லை. போகட்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் மாஸ்டர் எஸ்கலின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வயது முப்பத்தாறு.

அவருடைய சீடர் ததேயு அண்ணனுக்கு வயது ஐம்பத்துமூன்று. பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் ஊதி, ஹவில்தார் ஆகி, பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். பட்டாளத்தில் எழுதி வைத்த இசையை ஊதச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். அதைப் படிக்க டீச்சரிடம் வந்தார். முதல் நாள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்று சல்யூட் அடித்தார். ஊரே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சில வருஷம் படித்துவிட்டு, போன மழைக்காலத்தில் ஒரு இசை எழுதிக் கொண்டுவந்தார். பெயர் ‘மூக்கன் பாறை’.

மூக்கன் பாறை எங்கள் கரையில்தான் இருக்கிறது. எங்களுக்கு மணல் கரை கிடையாது. எல்லாம் செக்கச் செவேல் என்று பாறை. உடைந்தும் பிளந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும். படகு ஒதுங்க ஒரே ஒரு சந்து. இந்தப் பாறைக்கூட்டத்துக்குக் கடைசியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது மூக்கன். ஆடி மாதம் அலை அதன் மூக்குக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் விழும்.

சும்மா சொல்லக் கூடாது. ததேயு அண்ணன் அதை அப்படியே எழுதியிருந்தார். கிளாரினெட்டுகள் சாரலாகத் தெறிக்கும். டிராம்போன்கள் ஒன்றையொன்று முட்டி முட்டி விலகும். சிம்பல் உடையும். என் டிரம் பாறையின் வயிற்றுக்குள் போய் அடிக்கிற அலை. முதல் நாள் ஒத்திகையில் எனக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது. தினமும் பார்க்கிற பாறைதான், இவ்வளவு அழகா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு சுரம் ஓடும். கீழே, ஆழத்தில், அசையாமல். அதுதான் பாறை. மேலே என்ன ஆட்டம் ஆடினாலும் அந்தச் சுரம் நிற்கக் கூடாது. அதை ஊத வேண்டியது டியூபா. மடியில் தூக்கி வைத்து ஊதுகிற, செட்டிலேயே பெரிய குழல். எங்களிடம் ஒன்றுதான் உண்டு. அதை ஊதுகிறவர் பெர்க்மான்ஸ்.

பெர்க்மான்ஸ், ததேயு அண்ணனுக்கு மச்சான். வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவர். மூக்கன் பாறையடியில் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுத்தவர். ஒரு காலத்தில் அவர் முங்கினால் மேலே நிற்கிறவன் பயந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவான், அவ்வளவு மூச்சு. பிறகு நெஞ்சில் நோய் வந்தது. ஒரு பக்க நுரையீரல் பாதி போய்விட்டது. இனி கடலில் முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழல் ஊதலாம், நெஞ்சுக்கு நல்லதுதான் என்றார். அந்த ஒரு நாற்காலிதான் அவருக்கு மிச்சம்.

டியூபாவின் தாளில் ததேயு அண்ணன் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘மூச்சு எடுக்கக் கூடாது.’

பெர்க்மான்ஸ் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“மச்சான், இது என்ன?”

“பாறைக்கு மூச்சு கிடையாதுல்லா.”

“பேரு மட்டும் மூக்கன். மூச்சு கிடையாதா?”

எல்லாரும் சிரித்தோம். பிறகு ஊத ஆரம்பித்தோம். பாதி வழியில் டியூபா நின்றுபோனது. பெர்க்மான்ஸ் இருமினார். மறுபடி ஊதினோம். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

ததேயு அண்ணன் தாளம் காட்டுகிற பிரம்போடு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஊர்த் திருவிழா அன்று சாயங்காலம், சிலுவை நிற்கிற குருசடி மைதானத்தில் இதை வாசிக்கப் போகிறோம், அவரே நடத்தப் போகிறார் என்று முடிவாகியிருந்தது. அதற்கென்று வெள்ளைக் கோட்டு தைத்து, இஸ்திரி போட்டு, வீட்டு அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் எழுதியதை அடுத்தவன் கைகாட்ட ஊதின மனுஷன். ஆசை இருக்காதா?

ஒத்திகை முடிந்து எல்லாரும் போனதும் டீச்சரிடம் வந்தார். நான் டிரம்முக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“முடியாத ஆளை மாத்தலாமா, கூடாதா?”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“நாகர்கோவில்ல ஒரு வாலிபன் இருக்கான். நல்ல நெஞ்சு. ஒரு நாளைக்குக் கூப்பிட்டா வருவான். மச்சானுக்கு வேற ஏதாவது குடுத்துடலாம். டிரையாங்கிள் இருக்குல்லா.”

எனக்கு வந்த கோபத்துக்கு டிரம் குச்சியை அவர் தலையில் போட்டிருப்பேன். கடலை ஆண்ட மனுஷனுக்கு முக்கோணக் கம்பியா? டிங் டிங் என்று தட்டிக்கொண்டு உட்காரவா?

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. 

“நாளைக்குக் காலைல மூக்கன் பாறைக்குப் போங்க. அங்க சிப்பி முங்குறாங்க. பாறையடியில ஆள் இல்லாத நேரம் எப்பன்னு பாத்து வந்து சொல்லுங்க.”

“அதுக்கும் இதுக்கும்...”

“பாத்துட்டு வாங்கண்ணே.”

பட்டாளத்துக்காரருக்கு ஒரு நல்ல குணம். உத்தரவு என்றால் உத்தரவு. காலையில் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சிப்பி வாங்குகிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்தது. பாறையடியில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லாரி டியூப் ஒன்று மிதந்தது. அதில் வலைப்பை கட்டியிருந்தது. ஒருவன் டியூபைப் பிடித்துக்கொண்டு மேலே, ஒருவன் அடியில், நடுவில் ஒரு கயிறு. கொஞ்சம் தள்ளி வேறு இரண்டு பேர் சும்மா நீந்திக்கொண்டிருந்தார்கள்.

“அவனுவ ஏன் வேலை செய்யல்ல?” என்று கேட்டார் ததேயு அண்ணன். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர், பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாது.

“எடத்துக்குக் காத்துக் கெடக்கானுவ,” என்றேன். “பாறையில நல்ல சிப்பி எல்லா எடத்துலயும் ஒட்டாது. நல்ல எடம் கெடச்சவன் அத விடமாட்டான். அவனுவள்ள ஒருத்தன் அடியில இருக்கிற வரைக்கும் எடம் அவனுவளுக்கு. ரெண்டு தலையும் ஒண்ணா மேல தெரிஞ்சா போச்சு, அடுத்தவன் எறங்கிரலாம். யாரும் சண்டை போடக் கூடாது.”

“அப்ப மேல வர்றவன்?”

“வர்றதுக்கு முன்ன கயித்தச் சுண்டுவான். மேல நிக்கிறவன் உடனே முங்கிருவான். இவன் தலை தெரியும்போது அவன் அடியில இருப்பான்.”

அவர் பாறைமேல் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. நான் சிப்பி வாங்கிவிட்டு, போவோமா என்று கேட்டேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அலை வந்தது, போனது. டியூப் ஆடியது. ஒரு தலை வெளியே வரும், மற்றது அதற்குள் காணாமல் போயிருக்கும். மனுஷன் கண்ணெடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன் டீச்சர். ஆள் இல்லாத நேரமே இல்ல.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சா?”

“இல்ல. ஒருத்தன் நல்லா நிக்கான். மத்தவன் சீக்கிரம் வந்துருதான்.”

“சீக்கிரம் வந்ததால எடம் போச்சா?”

“போகல்லியே.”

“சரி,” என்று சொல்லிவிட்டு டீச்சர் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்தப் போய்விட்டார்.

ததேயு அண்ணன் போகவில்லை. ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், டியூபா ஒண்ணுதான இருக்கு.”

“யூபோனியம் ஒண்ணு சும்மா கெடக்கே. அந்தச் சுரம் அதுலயும் பேசும்.”

“ஊதுறதுக்கு ஆளு?”

டீச்சர் திருத்துவதை நிறுத்தவில்லை.

“பட்டாளத்துல ஆளுக்கு ரெண்டு வாத்தியம் படிக்கணும்னு சொன்னீங்களே. உங்களுக்கு ரெண்டாவது என்ன?”

 டியூபாவுக்குத் தம்பி மாதிரி இருக்கிற அந்த யூபோனியம்தான். அது செட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அப்ப நடத்துறது யாரு?” என்றார். 

“அத நீங்கதான் சொல்லணும்.”

“என் பாட்டு டீச்சர்.”

“ஆமாண்ணே. உங்க பாட்டுதான்.”

கிளம்பும்போது தினமும் அடிக்கிற சல்யூட்டை அன்றைக்கு மறந்துவிட்டார்.

மறுநாள் ஒத்திகைக்கு நான் சீக்கிரமே போனேன். எனக்கு முன்னால் பெர்க்மான்ஸ் வந்திருந்தார். டியூபாவைத் தேங்காயெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து நாற்காலியில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டிரையாங்கிள் பேச்சு எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. எங்கள் ஊரில் எது போகாது?

ததேயு அண்ணன் உள்ளே வந்தார்.

“மச்சான், துடச்சு வச்சிருக்கேன்,” என்றார் பெர்க்மான்ஸ். “வர்ற பயகிட்ட சொல்லு, மூணாவது வால்வு கொஞ்சம் பிடிக்கும். மெதுவா அமுக்கணும். பாட்டு நல்ல பாட்டு மச்சான். நான் கெடுக்கக் கூடாது.”

 இந்த மனுஷன் முகத்தை எப்படிப் பார்க்கப் போகிறாய் என்று ததேயு அண்ணனைப் பார்த்தேன்.

அவர் நேராக வாத்திய அலமாரிக்குப் போனார். மூலையில் கிடந்த யூபோனியத்தை எடுத்தார். தூசியைத் தட்டினார். ஒரு நாற்காலியை இழுத்து டியூபா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“உக்காரு மச்சான்,” என்றார். “கயித்த எப்படிச் சுண்டணும்னு சொல்லிக்குடு.”

பெர்க்மான்ஸுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் டிரம்முக்குப் பின்னால் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். வார் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

டீச்சர் வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பிரம்பை எடுத்தார்.

இத்தோடு எல்லாம் சரியாகியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆகவில்லை. பெர்க்மான்ஸ் மூச்சு முடியப்போகும்போது முழங்காலால் மச்சானின் முழங்காலை இடிப்பார். அதுதான் கயிறு. ததேயு அண்ணன் உடனே எடுத்துக்கொள்வார். ஆனால் பட்டாளத்துக்காரர் இல்லையா, அட்டென்ஷன் அடிக்கிற மாதிரி டப்பென்று வருவார்.

டீச்சர் பிரம்பைக் கீழே வைப்பார்.

“ரெண்டு பேரு கேக்குது.”

மறுபடி.

“இப்பவும் ரெண்டு பேரு.”

“சுருதி சரியாத்தான இருக்கு டீச்சர்?”

“சுருதி சரிதான். பாறை ஒண்ணுதானண்ணே?”

அடுத்த நாளும் இப்படித்தான். அதற்கடுத்த நாளும். சுரம் அறுந்துபோகவில்லை. ஆனால் தையல் தெரிந்தது. பாட்டை எழுதின மனுஷன், அதில் ஒரு சுரத்துக்குள் நுழையத் தெரியாமல் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

ஒரு நாள் அவர் யூபோனியத்தை மடியில் சாய்த்துவிட்டார்.

“என்னால முடியல்ல. நான் சத்தம் இல்லாம வந்தா நான் வந்ததே தெரியாது. தெரியுற மாதிரி வந்தா ரெண்டு பேரு கேக்குது.”

பெர்க்மான்ஸ் திரும்பிப் பார்த்தார்.

“மச்சான், நீ குதிக்கே.”

“என்னது?”

“அடியில ஆளு வேலை செய்யும்போது மேல நிக்கிறவன் குதிக்கக் கூடாது. குதிச்சா தண்ணி கலங்கிரும். அவனுக்குக் கண்ணு தெரியாது. முங்கணும். எனக்கு மூச்சு முடிஞ்ச பெறவு வராத. முடியறதுக்கு முன்னயே வந்து, என் சத்தத்துக்குள்ளயே கெட. நான் போறது உனக்கே தெரியக் கூடாது.”

ததேயு அண்ணன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க இருந்து வாசிக்க?” என்றார் டீச்சர்.

அதன்பிறகு அந்த இரண்டு பேரும் வீட்டிலும் ஊதினார்கள். அலைவாய்க்கரையில் உட்கார்ந்து ஊதினார்கள். வேறு சுரமே கிடையாது, அந்த ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள், இரண்டு எருமைகளை யாராவது அவிழ்த்துவிடுங்களேன் என்று கெஞ்சினார்கள்.

திருவிழா வந்தது. குருசடி மைதானம் நிறைந்து சனம். எங்களுக்குப் பின்னால் கடல். டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறி நின்றார். வெள்ளைக் கோட்டு ததேயு அண்ணன் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அவர் எங்களைப் போலவே நீலச் சட்டையில், கடைசி வரிசையில், மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிரம்பு இறங்கியது.

நான் பல திருவிழாவில் அடித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அடித்திருக்கிறேன், சாவுக்கு அடித்திருக்கிறேன். அன்றைக்கு அடித்த மாதிரி ஒரு நாளும் அடித்ததில்லை. கிளாரினெட்டுகள் தெறித்தன. டிராம்போன்கள் முட்டின. சனம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பாறையைத் தினமும் பார்க்கிற சனம், அதைப் புதுசாகப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், அலை மேலே விழப்போகிற மாதிரி.

அடியில் அந்தச் சுரம் நின்றது.

எனக்கு முன்னால் இரண்டு முதுகு. ஒன்று நிமிரும்போது மற்றது தாழ்கிறது. முழங்கால் இடிக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பகுதியில் ஆடி அலை வருகிறது, அங்கேதான் சுரம் மிக நீளம். பெர்க்மான்ஸ் முதுகு குலுங்கியது. இருமல். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நேரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே. போச்சு என்று நினைத்தேன். மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சுரம் நின்றபடியே இருந்தது.

ததேயு அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காது சிவந்துவிட்டது. அந்த வயதில் ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் தாங்குவான் என்று நான் நினைக்கவில்லை. பெர்க்மான்ஸ் இருமி முடித்து, நெஞ்சைத் தடவி, ஒரு முழு மூச்சு இழுத்து, குழலை வாயில் வைத்தார். அப்போதுதான் இவர் தோள் தாழ்ந்தது. நான் கடைசி அலையை அடித்தேன். பாட்டு முடிந்தது. அந்தச் சுரம் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் இருந்து அடங்கியது.

பிறகு எழும்பின கூச்சலில் கடல் சத்தமே கேட்கவில்லை.

சனம் மேடைக்கு ஓடிவந்தது. எல்லாரும் பெர்க்மான்ஸைத்தான் கட்டிப்பிடித்தார்கள்.

“எண்ணே, பழைய மூச்சு திரும்பிட்டே!”

“ஒரு தடவகூட எடுக்கல்லியே ஐயா! கடல்ல முங்கின நெஞ்சு, லேசுப்பட்டதா?”

ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். “பாட்டு எழுதின ததேயு எங்க? அவர் பாட்டுக்கு அவரே வரல்லியா?”

பெர்க்மான்ஸ் கூட்டத்துக்கு நடுவில் எதையோ சொல்ல வாய் திறந்தார். ததேயு அண்ணன் அவருடைய கையைப் பிடித்து அமுக்கினார். பெர்க்மான்ஸ் மச்சானின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கூட்டம் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. அதுவும் சரிதான்.

கூட்டம் கலைந்தது. டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ததேயு அண்ணன் யூபோனியத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. எழுதின பாட்டு எப்படி இருந்தது என்றுதான் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

“டீச்சர்.”

“சொல்லுங்கண்ணே.”

“நான் உள்ள வந்தது எங்கயாவது கேட்டுதா?”

டீச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க எப்பண்ணே வந்தீங்க?”